மெழுகு குடித்த வண்டி

பக்கோடா குரைத்தது. சத்தம் வரவில்லை.

கேஸ் சிலிண்டர் போடுகிறவர் கேட்டைத் தட்டினால் அது எப்படிக் குரைக்கும் என்பது டெரன்ஸுக்கு மனப்பாடம். முதலில் ஓர் உறுமல், அப்புறம் மூச்சு விடாமல் ஒரு சரவெடி, காலி சிலிண்டர் வெளியே போனதும் போனால் போகிறது என்று ஒரே ஒரு 'வள்'. அன்றைக்கும் அந்தப் பழுப்பு நிற நாட்டு நாய் முன்னங்கால்களை ஊன்றி நின்றது. பிடரி சிலிர்த்தது, வாய் திறந்து திறந்து மூடியது, விலாவெல்லாம் குலுங்கியது. ஆனால் வீட்டின் பக்கச் சந்தில் கேட்டதெல்லாம் தகரக் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டுகிற சத்தமும், அதன் நகங்கள் சிமென்டுத் தரையைப் பிறாண்டுகிற சத்தமும்தான்.

"இன்னா சார், நாய்க்குத் தொண்ட கட்டிக்கிச்சா? சவுண்டையே காணோம்" என்று சிலிண்டர்காரர் சிரித்தார்.

டெரன்ஸும் மரியாதைக்குச் சிரித்து வைத்தான். கையிலிருந்த கிரீஸ் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். குரைத்து ஓய்ந்த நாய் அவனைத் திரும்பிப் பார்த்தது. நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்கிற பார்வை அது. பிறகு சந்தின் கோடியில் ஸ்டாண்டு போட்டு நின்ற வண்டியைப் பார்த்தது. வாலை இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டது.

வீட்டில் வண்டியைப் பிரிக்கிற ஆண்களில் இரண்டு வகை உண்டு. வேலை தெரிந்து பிரிக்கிறவர்கள் ஒரு வகை, பிரித்துப் போட்டுவிட்டு வேலை கற்றுக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. டெரன்ஸ் இரண்டாவது வகை. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாந்தோமில், கடற்காற்று ஜன்னல் கம்பிகளை வருஷா வருஷம் தின்று தீர்க்கிற ஒரு தெருவில் சொந்த வீடு. அப்பா பவுல்சாமி காலமான பிறகு அவருடைய கனத்த பழைய மோட்டார் சைக்கிள் பக்கச் சந்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. "ஒண்ணு ஓட்டுங்க, இல்ல எடைக்குப் போடுங்க. ரெண்டும் இல்லாம எலிக்கு வாடகைக்கு விட்டிருக்கீங்க" என்று லூயிசா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். அவன் மனைவி லூயிசாவுக்கு அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பகல் ஷிப்டு முடிந்து வீடு வர எட்டு மணியாவது ஆகும்.

வண்டியைத் தட்டி எழுப்பச் சொன்னது மகள் ஷில்பா. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவளுக்குப் புதுநன்மை, கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு தாத்தா வண்டியில்தான் கோவிலுக்கு வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

ஷில்பாவுக்கு வாய் ஓயாது. காலையில் கண்ணைத் திறக்கும்போதே ஒரு கேள்வியோடுதான் திறப்பாள். தூக்கத்தில் பாதிப் பேச்சு. அவள் பேசப் பேசப் பக்கோடா நடுநடுவே குரைக்கும். டெரன்ஸ் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், இரண்டும் படிக்கட்டில் வந்து உட்கார்ந்து கச்சேரியை ஆரம்பித்துவிடும். "அம்மா தாயே, கொஞ்ச நேரம் வாய மூடேன். என்ஜின் சத்தத்தக் கேக்கணும்" என்று அவன் கெஞ்சுவான். "என்ஜின்தான் பேசவே மாட்டேங்குதே டாடி, அதான் நான் பேசறேன்" என்பாள். லேசான கரகரப்பு உள்ள குரல். கடலோரக் காற்றிலும் வீட்டின் எல்லா மூலைக்கும் போய்ச் சேரும். அது இல்லாத வீட்டை டெரன்ஸ் நினைத்துப் பார்த்ததே இல்லை.

வேலை ஸ்பார்க் ப்ளக்கில் வந்து நின்றது. உப்புக் காற்றில் மரையோடு மரையாகத் துருப்பிடித்துப்போய், ஸ்பேனர் வளைந்தாலும் வளையுமே தவிர அது அசையவில்லை. மெக்கானிக் நண்பன் வேலு போனில் ஒரு வழி சொன்னான். "சுத்தி நல்லா சூடு காட்டு மச்சி. அந்தச் சூட்டுலயே மெழுகுவத்திய வச்சித் தேய். உருகி மரைக்குள்ள எறங்கிக்கும். அப்பால தானா கயண்டு வந்துரும்."

மறுநாள் கல்லறைத் திருநாள். வீட்டிலிருந்த மெழுகுவர்த்தியெல்லாம் அப்பாவின் கல்லறைக்குப் போயிற்று. அவர்கள் செபம் சொல்லி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கல்லறைத் தோட்டம் முழுக்க ஏற்றிய சுடர்கள் ஒவ்வொன்றாக அணைந்து, சாமந்தியும் மெழுகும் சேறுமாக ஒரே கசகசப்பு. ஜனங்கள் குடைக்குள் ஒடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். மதில் ஓரத்தில், சிலுவையும் பேரும் இல்லாத ஒரு மண்மேட்டின்மேல், ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கைப்பிடி கனத்தில், மஞ்சள் பாய்ந்த பழைய மெழுகுவர்த்தி. மழை அதன்மேலும்தான் பெய்தது. அதை யோசிக்க வேண்டிய மனிதன் ப்ளக்கை யோசித்தான். குனிந்து ஊதி அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

லூயிசா பார்த்துவிட்டாள். "ஏங்க, என்ன காரியம் பண்றீங்க? கல்லறையில ஏத்தினத ஊதி அணைக்கக் கூடாது. தானா எரிஞ்சு தீரணும். அது அவங்களோடது."

"எவங்களோடது? பேரே இல்ல. மெழுகு மெழுகுதான் லூயி."

அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அடுத்த நாள் சாயந்தரம் ப்ளக்கைச் சுற்றிச் சூடு காட்டி அந்த மெழுகை வைத்தான். உருகிப் பக்கவாட்டில் வழியும் என்று துணியோடு காத்திருந்தான். ஒரு சொட்டு வழியவில்லை. வைக்க வைக்க உள்ளே போயிற்று. தாகத்தில் இருந்தவன் செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பதுபோல, திரி மட்டும் விரலில் மிஞ்சுகிற வரைக்கும் போயிற்று. அதற்கப்புறம் ப்ளக் கையாலேயே கழன்றது. புது ப்ளக் போட்டு, புதுப் பெட்ரோல் ஊற்றி உதைத்தான். இத்தனை வருஷம் கிடந்த வண்டி முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. ஷில்பா கை தட்டிக் குதித்தாள். பக்கோடா வண்டிமேல் பாய்ந்து பாய்ந்து குரைத்தது, என்ஜினுக்கு மூக்கைக் கொண்டுபோய்க் குரைத்தது, பிறகு ஓய்ந்தது. பழகிவிட்டது என்று டெரன்ஸ் நினைத்துக்கொண்டான். சைலன்சர் புகையில் பெட்ரோல் வாடை இல்லை. அப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவர்த்தியின் வாடை அடித்தது. அதையும் அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சிலிண்டர்காரர் வந்தது அதற்கு மறுநாள்.

அபிராமபுரத்தில் நாய் டாக்டர் பக்கோடாவின் வாயைத் திறந்து லைட் அடித்துப் பார்த்தார். "தொண்டையில ஒண்ணும் இல்ல சார். நல்லாதான் இருக்கு. ஒருவேள குரைக்கணும்னு தோணலையோ என்னமோ."

"தோணுது டாக்டர்" என்றாள் ஷில்பா. "அது குரைச்சுக்கிட்டேதான் இருக்கு. வரமாட்டேங்குது." ஆட்டோவில் திரும்பும்போது நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். டெரன்ஸுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் வேலு வண்டியைப் பார்க்க வந்தான். "வாத்தியாரு வண்டி ரிப்பேர் பண்ணிக்கீறாராம், ஊரே சிரிக்குது" என்று கிண்டல் செய்துகொண்டே உதைத்து, நின்ற இடத்திலேயே மெல்ல ஓடும்படி ஐடிலில் விட்டான். டுக், டுக், டுக், டுக். நிதானமான நல்ல சத்தம். வேலு தலையாட்டிக்கொண்டிருந்தவன் மெல்லத் தலையாட்டுவதை நிறுத்தினான். ஒவ்வொரு டுக்குக்கும் அடியில் வேறொரு சத்தம் இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, சின்னதாக, விடாமல்.

"இன்னாடா சவுண்டு இது? சைலன்சர்ல ஓட்ட எதுனா கீதா?"

"பக்கோடா உள்ள குரைக்குது" என்றாள் படிக்கட்டிலிருந்து ஷில்பா.

நாய் தலையைச் சாய்த்து, காதுகளைத் தூக்கி, தன்னை யாரோ தூரத்திலிருந்து கூப்பிடுவதுபோல வண்டியைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது. அதே நேரம் சைலன்சரிலிருந்து 'வள்' என்று வந்தது. வாயை மூடியது. சத்தம் நின்றது. வேலு சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுக் கையைத் துடைத்தான், வெகு நேரம் துடைத்தான்.

"மச்சி, சின்ன வயசுலேர்ந்து வண்டி பாத்துக்கினு கீறேன். இத்த நா தொடமாட்டேன். நீயும் தொடாத. தள்ளிக்கினு போய் எங்கனா உட்டுட்டு வந்துடு."

"அப்ப பக்கோடா குரல்?"

"ஆன வாய்ல போன கரும்புடா அது. நாய் குரைக்கலன்னா ஒண்ணும் ஆயிடாது. வூட்ல கொயந்த கீது, அத்தப் பாரு." போட்டு வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

அவன் போன பிறகு டெரன்ஸ் செய்தது, பாதி வேலை தெரிந்த எவனும் செய்கிற காரியம்தான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டான். டாக்டர் குழாய் வைக்கிற மாதிரி, உள்ளே எங்கே தேய்கிறது, எங்கே ஆடுகிறது என்று மெக்கானிக்குகள் அப்படித்தான் கேட்பார்கள். ஓடுகிற என்ஜினில் கேட்பார்கள். இது அணைந்து, ஆறி, மழைச் சாரலில் சில்லிட்டுக் கிடந்த என்ஜின். ஆனாலும் கேட்டது. பக்கோடாவின் குரல்தான். சிலிண்டர்காரருக்கான குரைப்பு, லூயிசா வீடு வருகிற நேரத்துச் சிணுங்கல், ஷில்பாவோடு பேசுகிற சின்னச் சின்ன 'வவ்'. ஒன்றன்பின் ஒன்றாக, எடுத்து எடுத்துப் பார்ப்பதுபோல. அதற்கும் பின்னால், இன்னும் ஆழத்தில், சத்தமே இல்லாத ஒரு இடம் இருந்தது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம். அவன் அதைக் கேட்டான். அதுவும் அவனைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றிரவு லூயிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஃபாதரைக் கூட்டிட்டு வரலாம். மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிக்கட்டும். அதுவரைக்கும் யாரும் அதுகிட்டப் போகாதீங்க" என்றாள். சரி என்றான்.

ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம். சனிக்கிழமை முழுக்க விட்டு விட்டு மழை. லூயிசா ஷிப்டுக்குப் போய்விட்டாள். பக்கோடா வாசல் மிதியடியில் படுத்துச் சத்தமில்லாமல் குரைத்துக்கொண்டே இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரையும் பார்த்துக் குரைத்தது. ஷில்பா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "டாடி, உள்ளதான இருக்கு? தெறந்து எடுத்துக் குடுங்களேன்" என்று கேட்டபடி இருந்தாள். உள்ளே இருப்பதைத் திறந்து எடுக்க முடியாதா? என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால் எல்லாமே வெளியில். டெரன்ஸுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் தன்னால் வந்த வினையைத் தானே தீர்க்க வேண்டும் என்கிற தவிப்பு அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சாயந்தரம் கரண்ட் போயிற்று. மேகம் கவிந்து தெருவே இருட்டிக்கொண்டு வந்தது. அவன் சந்தில் உட்கார்ந்து ப்ளக்கைக் கழற்றியபோது ஷில்பா டார்ச்சோடு வந்தாள்.

"உள்ள போ ஷில்பா."

"உங்களுக்கு வெளிச்சம் வேணாமா? நான் கிட்ட வரமாட்டேன். இங்கேருந்தே புடிக்கிறேன்."

வெளிச்சம் வேண்டித்தான் இருந்தது. படிக்கட்டிலேயே நில் என்றான். மழை தகரத்தில் கொட்டியது. ப்ளக் இருந்த ஓட்டையிலிருந்து அந்த மெழுகு வாடை, இன்னும் சூடாக, வந்துகொண்டிருந்தது. ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் பிஸ்டனை மேலே கொண்டுவர வேண்டும். அதற்குக் கிக்கரைக் கையால் மெல்ல அமுக்க வேண்டும். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். ஷில்பா வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தாள். பயத்தில் வழக்கத்தைவிட வேகமாகப் பேசினாள்.

"சிந்து இருக்கால்ல டாடி, நேத்து டிபன் பாக்ஸத் தெறந்தாளா, உள்ள பாத்தா ஒரு..."

அவன் கிக்கரை அமுக்கினான். ஓட்டை 'ஹுப்' என்று காற்றை உள்ளே இழுத்தது.

மழைச் சத்தம்.

"ஒரு? என்ன இருந்துச்சு, சொல்லு" என்றான், தலை நிமிராமல்.

பதில் இல்லை. டார்ச் வெளிச்சம் சுவரில் நடுங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தான். ஷில்பா பேசிக்கொண்டுதான் இருந்தாள். உதடு அசைந்தது, புருவம் ஏறியது, கை அபிநயம் பிடித்தது. பிறகு அவளுக்கே தெரிந்துவிட்டது. தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். வாயை அகலத் திறந்து கத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. மழைதான் கேட்டது.

டெரன்ஸ் ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டான். "கத்தும்மா. இன்னொரு தரம் கத்து. டாடின்னு சொல்லு." அவள் சொன்னாள். அவன் கன்னத்தில் அவள் மூச்சுச் சூடாகப் பட்டது. அவ்வளவுதான். லூயிசாவுக்குப் போன் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வார்டில் போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள்.  இயேசுவே, இயேசுவே என்று வாய் தானாக முனகியது.

குழந்தையைப் படியில் உட்கார வைத்துவிட்டு வண்டியின் பக்கத்தில் மண்டியிட்டான். ப்ளக் ஓட்டையில் காதை வைத்தான்.

"டாடி" என்றது. "இங்க ஒரே இருட்டா இருக்கு டாடி."

அவன் ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்த்தான். கருப்பு.

வெளியே எடுக்க வேண்டும். எப்படி? மூளை கணக்குப் போட்டது. அந்த நிலையிலும் போட்டது. என்ஜின் உள்ளே இழுப்பதற்கு ஒரு வழி என்றால் வெளியே விடுவதற்கும் ஒரு வழி உண்டு. இழுத்ததைச் சைலன்சர் வழியாகத் தள்ளித்தானே ஆக வேண்டும். ஓட விட்டால் வந்துவிடும். ப்ளக்கைத் திருகினான். மரை ஏறாமல் இரண்டு தடவை நழுவியது. மாட்டினான். பெட்ரோலைத் திறந்து, எழுந்து, உதைத்தான்.

பிடித்துக்கொண்டது.

"உள்ள பாத்தா ஒரு பல்லி டாடி!" என்றது சைலன்சர். அவளே. அவளுடைய கரகரப்பு, அவளுடைய சிரிப்பு. "எல்லாரும் பயந்து பெஞ்சுமேல ஏறிட்டோம். மிஸ்ஸும் ஏறிட்டாங்க!"

டெரன்ஸ் வாய்விட்டுச் சிரித்தான், அழுதான். ஷில்பா ஓடிவந்து சைலன்சருக்கு முன்னால் உட்கார்ந்து, வாயைத் திறந்து, புகையை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வாய்க்குள் போட்டுக்கொண்டாள். இருமினாள். இருமலுக்கும் சத்தமில்லை. குரல் வந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்துக் கதை, மறைக்கல்வி வகுப்புக் கதை, பக்கோடாவை முதல்நாள் தூக்கி வந்த கதை. வந்தது, புகையோடு கலந்தது, மழையில் கரைந்தது. ஒன்றுகூட அவளிடம் திரும்பிப் போகவில்லை.

அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. உள்ளே நாய் குரைக்கவில்லை. நேற்று அத்தனை குரைத்தது, இன்று ஒன்றுமில்லை. அது தீர்ந்துவிட்டது.

என்ஜின் இழுத்ததைத் திருப்பிக் கொடுக்காது. எரிக்கும்.

சாவியை அணைத்தான். வண்டி ஓடியது. ப்ளக் ஒயரைப் பிடுங்கினான். ஓடியது. பெட்ரோலை மூடி, குழாயையே அறுத்து எறிந்தான். டுக், டுக், டுக். ஐடில் மாறவில்லை. "டாடி, நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ..." குரல் மெலிந்துகொண்டு வந்தது. திரி தீரும்போது சுடர் சுருங்குமே, அப்படி. புகையில் மெழுகு வாடை ஏறியது. சைலன்சர் வாயில் துணியைத் திணித்தான், கையை வைத்து அடைத்தான். தோல் பொசுங்கியது. குரல் அவன் விரல் இடுக்கில் பிதுங்கி வந்தது. "டா... டி..."

எரிப்பதற்கு ஏதாவது வேண்டும் அதற்கு. அவ்வளவுதான். ஏதாவது.

ஏர் ஃபில்டர் மூடியைப் பிய்த்து எறிந்தான். கார்புரேட்டரின் வாய் கருப்பாக, ஈரமாக, உள்ளிழுத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் தன் வாயை வைத்தான்.

"இத எடுத்துக்க" என்றான். "என்னோடத எடுத்துக்க. அவளோடத விட்டுடு."

இழுத்தது.

சைலன்சரில் ஷில்பாவின் குரல் நின்று, அவனுடைய குரல் வந்தது. வேலை செய்கிறது. கடவுளே, வேலை செய்கிறது. நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மறுபடி அவளுடையதைத் தொடும். லூயிசா வருகிற வரைக்கும் தாங்கினால் போதும். அவள் வந்தால் ஃபாதரைக் கூட்டி வருவாள், யாரையாவது கூட்டி வருவாள். செபமாலை சொன்னான். அதன் எல்லா மறைபொருளையும் சொன்னான். ஆறாம் வாய்ப்பாடு சொன்னான், பதினாறாம் வாய்ப்பாடு சொன்னான். வகுப்புப் பிள்ளைகள் பேரையெல்லாம் வருகைப் பதிவு வரிசையில் சொன்னான். பஸ் ஸ்டாப்புகளைச் சொன்னான். பட்டினப்பாக்கம். சாந்தோம். லைட் ஹவுஸ். முதலிலிருந்து. பட்டினப்பாக்கம். குரல் கட்டியது. சாந்தோம். கீறல் விழுந்தது. லைட்...

ஷில்பா அவன் முதுகைக் கட்டிக்கொண்டிருந்தாள். தேம்பலில் குலுங்குகிற அந்தச் சின்ன உடம்பை அவன் உணர்ந்தான். இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு பேர்.

உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை.

வாயை எடுத்தான். முயன்றான். காற்று. வெறும் காற்று.

வண்டி நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. எதையும் எரிக்கவில்லை. எரிந்ததெல்லாம் அவன் ஊட்டிய சொற்கள்தான்; உள்ளே ஷில்பாவின் குரல் மிச்சம் இருந்தது, அவனுடைய குரல் முழுசாக இருந்தது. ஒன்றும் பேசாமல், அடக்கமாக, காத்திருந்தது.

கேட் கிறீச்சிட்டது.

குடை. போன் வெளிச்சம். லூயிசா. மழையில் செருப்பு சளக் சளக் என்று வந்தது. டெரன்ஸ் துள்ளி எழுந்தான். வராதே. பேசாதே. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். இருட்டில் அவளுக்கு அது வா வா என்றுதான் தெரிந்திருக்கும்.

"லூயி, வந்துட்டியா?"

அவனுடைய குரல். வண்டியிலிருந்து. கட்டாத, கீறல் விழாத, கல்யாணமான புதிதில் இருந்த குரல். "சீக்கிரம் வா. எல்லாம் சரியாயிடுச்சு."

"மம்மி!" என்றது அதுவே, கரகரப்பாக. "பக்கோடா குரைச்சிடுச்சு மம்மி!"

லூயிசாவின் நடை வேகமானது. டெரன்ஸ் அவளை நோக்கி ஓடினான். சிந்திக் கிடந்த பெட்ரோலில் கால் வழுக்கியது. மண்டை சுவரில் மோத, குப்புற விழுந்தான்.

"ஒண்ணுமில்ல லூயி, வழுக்கிட்டேன்" என்றது அது, சிரித்துக்கொண்டே. "நீ கிட்ட வந்து சத்தத்தக் கேளு."

அவன் கையை நீட்டினான். அவள் சேலை நுனி விரலில் பட்டு நழுவிப் போயிற்று. போன் வெளிச்சம் ஷில்பாவின் முகத்தில் விழுந்தது. குழந்தை தலையை ஆட்டி ஆட்டி, வாயைத் திறந்து திறந்து, வேண்டாம் வேண்டாம் என்றது. ஆனால் லூயிசா அங்கே பார்க்கவில்லை. குரல் வந்த பக்கம் பார்த்தாள். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வண்டியின் பக்கம் குனிந்தாள். அவள் முகத்தில் இத்தனை நாளில் இல்லாத ஒரு நிம்மதி. கார்புரேட்டரின் வாய் அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

பதில் சொல்ல லூயிசா வாயைத் திறந்தாள்.